செட்டிநாட்டு வீட்டை விரிவாக்கவும் விடுதியாக மாற்றவும் அனுமதி வாங்குவது எப்படி: வரிசைப்படி ஒரு வழிகாட்டி

கொத்தனாருக்கு முன்பணம் கொடுத்து, நல்ல நாள் பார்த்து, தெருவில் எம்-சாண்ட் கொட்டிய பிறகுதான் பெரும்பாலோர் அனுமதியைப் பற்றி விசாரிக்கிறார்கள். எங்கள் வீட்டின் மூன்றாங்கட்டில் (முற்றத்துக்குப் பின்னாலுள்ள பின்பகுதியில்) இரண்டு குளியலறையும் ஓர் அறையும் சேர்க்க நானும் அப்படித்தான் தொடங்கினேன். கொட்டிய மணல் இரண்டு மழைக்காலம் நனைந்து, அதன்மேல் புல் முளைத்தது. அதன்பின் உறவிலும் ஊரிலும் சிலருக்கு இந்தக் காகித வேலையில் துணை நின்றிருக்கிறேன். தடுக்கி விழும் இடம் ஏறத்தாழ எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கிறது: சுவர் சொல்லும் கணக்கும் பத்திரம் சொல்லும் கணக்கும் ஒத்துப்போவதில்லை. அவ்விரண்டையும் நேர்செய்யாமல் விண்ணப்பித்தால் கோப்பு நகராது. கீழே உள்ள வரிசை அதற்காகவே அமைந்தது. முன்பின் மாற்றாமல் செல்வது நல்லது.

1. செய்யப்போகும் வேலை எந்த வகை என்று தீர்மானியுங்கள்

வேலைகள் மூன்று வகைப்படும். பழுதுபார்ப்பது ஒன்று, புதிதாகப் பரப்பு சேர்ப்பது இரண்டு, வீட்டின் பயன்பாட்டை மாற்றுவது மூன்று. எந்த வகை என்பதைப் பொறுத்தே அடுத்து எந்தக் காகிதம், எந்த அலுவலகம் என்பது அமையும்.

வெள்ளையடிப்பது, உதிர்ந்த சுண்ணாம்புப் பூச்சைப் புதுப்பிப்பது, உடைந்த நாட்டு ஓட்டை அதே உயரத்தில் மாற்றுவது, ஆத்தங்குடிக் கல் பெயர்ந்த இடத்தில் வேறு கல் பதிப்பது போன்றவை பழுதுபார்ப்பு. இவற்றுக்குத் திட்ட அனுமதி கேட்டு யாரும் அலைய வேண்டியதில்லை. ஓட்டை எடுத்துவிட்டுக் கான்கிரீட் தளம் போடுவது, சுமை தாங்கும் சுவரை இடித்துக் கதவு வைப்பது, மச்சின்மேல் ஓர் அறை எழுப்புவது ஆகியவற்றைப் பழுது என்று சொல்லி ஒப்பேற்ற முடியாது.

1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், கட்டடம் கட்டுவதோடு கட்டடத்தின் பயன்பாட்டை மாற்றுவதையும் ‘வளர்ச்சி’ என்ற ஒரே சொல்லுக்குள் வைத்திருக்கிறது. ஆகவே ஒரு செங்கல் கூடச் சேர்க்காமல் வீட்டை விடுதியாக நடத்தினாலும் அனுமதி வேண்டும். ‘ஒன்றும் கட்டவில்லையே, எதற்கு அனுமதி?’ என்று கேட்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

இங்கே முற்றத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குரங்குத் தொல்லைக்கும் மழைச் சாரலுக்கும் பயந்து வளவு எனும் உள்வீட்டின் முற்றத்தின்மேல் தகடோ, கண்ணாடி போன்ற பாலிகார்பனேட் ஷீட்டோ போட்டு மூடுவது இப்போது பரவலாக நடக்கிறது. வானம் பார்த்த முற்றம் கட்டடப் பரப்பில் சேராது. நிரந்தரமாக மூடிய கணமே அது சேரும். அதைவிடப் பெரிய சிக்கல், சுற்றியுள்ள அறைகளுக்குக் காற்றும் வெளிச்சமும் அந்த முற்றம் வழியாகவே வருகின்றன என்பது. மூடிய முற்றத்தை வரைபடத்தில் காட்டினால் அத்தனை அறைகளும் காற்றோட்டமற்ற அறைகளாகிவிடும். காட்டாமல் விட்டால் வரைபடமே பொய்யாகிவிடும். பறவை, குரங்கு வராதிருக்கக் கம்பி வலை போதும் என்பது என் கருத்து. அதற்குமேல் வேண்டுமென்றால் பொறியாளரிடம் பேசி முதலிலேயே வரைபடத்தில் சேர்த்துவிடுங்கள்.

2. வீடு எந்த உள்ளாட்சியில் இருக்கிறது என்று இன்றைய நிலவரப்படி பாருங்கள்

செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என்ற இரண்டு மாவட்டங்களில் பரந்திருக்கின்றன. தேவகோட்டை நகராட்சி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல் ஆகியவை பேரூராட்சிகள், ஆத்தங்குடி ஊராட்சி. காரைக்குடி 2024இல் மாநகராட்சியானபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் அருகிலிருந்த சில ஊராட்சிகளும் அதில் இணைந்தன.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், வீட்டுவரி ரசீதில் பழைய உள்ளாட்சியின் பெயரே இருக்கும். அந்த ரசீதைப் பார்த்து விண்ணப்பத்தில் உள்ளாட்சியின் பெயரைத் தேர்ந்தெடுத்தால், இரண்டு மாதம் கழித்து ‘எங்கள் எல்லை இல்லை’ என்று திரும்பி வரும். வரி எண்ணைப் புதிய அமைப்பின் எண்ணாக மாற்றி, நடப்பு ஆண்டு ரசீதை எடுத்துக்கொண்ட பிறகு மேலே செல்லுங்கள்.

உள்ளாட்சியே அனுமதி தருமா, மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகம் வரை போக வேண்டுமா என்பது பரப்பையும் பயன்பாட்டையும் பொறுத்தது. குடியிருப்பாக இருந்து 10,000 சதுர அடிக்குள் அடங்கினால் பொதுவாக உள்ளாட்சி அளவில் முடியும். நம் வீடுகளில் பல, பழைய கட்டடத்தின் பரப்பிலேயே இந்த அளவைத் தாண்டிவிடும் என்பதால், சேர்க்கப்போவது 300 சதுர அடிதான் என்று நினைத்து ஏமாறக் கூடாது. இருப்பதும் சேர்ப்பதும் கூட்டியே கணக்கு.

3. உரிமையாளர் பட்டியலை எழுதுங்கள்: புள்ளிக் கணக்கு வேறு, வாரிசுக் கணக்கு வேறு

எல்லாப் படிகளிலும் இதுவே நீண்டது. பொறியாளரைப் பார்ப்பதற்கு முன்பே தொடங்க வேண்டியது.

வளவைச் சுற்றியுள்ள அறைகள் புள்ளிக்கு, அதாவது ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஒன்றாகப் பிரிந்திருக்கும். முகப்பு, பட்டாலை (கூடம்), முற்றம், கிணறு, பின்கட்டு எல்லாம் பொது. பூட்டும் சாவியும் நம்மிடம் இருப்பதால் அந்த அறை நமக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்கிறோம். பதிவு செய்யப்பட்ட பாகப்பிரிவினைப் பத்திரம் இல்லாதவரை, சட்டத்தின் பார்வையில் வீடு முழுவதிலும் எல்லோருக்கும் பிரிபடாத பங்கு இருக்கிறது. ஒரு பங்காளி தடையுத்தரவு வாங்கினால் அரைகுறைச் சுவரோடு வேலை நின்றுவிடும்.

பல வீடுகளில் பெட்டியைத் திறந்தால் கிடைப்பது கூறுசீட்டு. ‘கிழக்குப் பக்கம் இரண்டாவது அறை மூத்தவருக்கு’ என்ற அளவில் பெரியவர்கள் எழுதிக் கையெழுத்திட்ட தாள் அது. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்தைப் பிரித்துக்கொள்ளும் பத்திரம் பதிவாக வேண்டும். பதிவாகாத கூறுசீட்டைக் காட்டி, பங்கு பிரிந்துவிட்டது என்று அனுமதி கேட்க முடியாது. தாளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். யார் எதை அனுபவித்து வந்தார்கள் என்பதற்கு அது துணைச் சான்றாக உதவும்.

அடுத்த தவறு, புள்ளிப் பட்டியலையே உரிமையாளர் பட்டியலாக எடுத்துக்கொள்வது. புள்ளி என்பது கோயிலுக்கும் ஊருக்கும் வரி கொடுக்கும் குடும்பக் கணக்கு. அதில் கட்டிக்கொடுத்த பெண்கள் வரமாட்டார்கள். சட்டம் அவர்களை விடுவதில்லை. பூர்வீகச் சொத்தில் மணமாகாத பெண்களுக்குப் பங்கு தரும் தமிழ்நாட்டுத் திருத்தம் 25.3.1989 முதல் நடைமுறைக்கு வந்தது. 9.9.2005இல் வந்த மத்தியத் திருத்தம் மணமானவர், ஆகாதவர் என்ற வேறுபாட்டை எடுத்துவிட்டது. தந்தை அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தெளிவாக்கியது. 20.12.2004க்கு முன்பே பதிவு செய்தோ நீதிமன்றத் தீர்ப்புப்படியோ பிரித்துக்கொண்ட பாகங்களை இது தொடாது. ‘ஆச்சிக்கு (அக்காவுக்கு) சீர் செய்து அனுப்பியாயிற்று, அவர்கள் கேட்கமாட்டார்கள்’ என்பது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். அப்படி இருந்தால் கையெழுத்து வாங்குவதும் எளிதாகவே முடியும், வாங்கிவிடுங்கள்.

சுவீகாரம் இன்னொரு முடிச்சு. சுவீகாரம் போனவருக்குப் பிறந்த வீட்டு உறவு சொத்து விஷயத்தில் முடிந்துவிடுகிறது. சுவீகாரத்துக்கு முன்பே அவருக்கென்று சேர்ந்திருந்த சொத்து மட்டும் அவரோடு தொடரும். எனவே அவர் பெயர் எந்த வீட்டுப் பட்டியலில் வரும் என்பதைச் சுவீகாரப் பத்திரத்தின் தேதியை வைத்துத்தான் சொல்ல முடியும். அதன் பதிவு நகலை முதலிலேயே தேடி எடுங்கள்.

இறந்தவர் ஒவ்வொருவருக்கும் இறப்புச் சான்றும் வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றும் வேண்டும். பாட்டையா காலத்து இறப்புக்குச் சான்று கிடைப்பது கடினம் என்பதால் அதிலிருந்து தொடங்குங்கள், அண்மையில் இறந்தவர்களை அப்புறம் பார்க்கலாம். நான் இதைத் தலைகீழாகச் செய்து ஐந்து மாதம் இழந்தேன்.

பினாங்கிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர் வரமுடியாவிட்டால் பொது அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ நோட்டரியிடமோ கையெழுத்திட்டு அனுப்பும் அந்தப் பத்திரத்துக்கு, இந்தியாவுக்குள் வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். தபாலுறையைப் பிரிக்காமல் பீரோவில் வைத்துக் காலம் கடந்துபோன பத்திரங்களைப் பார்த்திருக்கிறேன். உறையையும் தேதி முத்திரையோடு பத்திரப்படுத்துங்கள், எப்போது வந்தது என்பதற்கு அதுவே ஆதாரம்.

கையெழுத்து வாங்கச் சிறந்த நாள், குடும்பத்து முன்னோருக்குப் படையலிடும் படைப்பு. அன்றைக்குப் பங்காளிகள் அனைவரும் ஒரே கூரையின்கீழ் இருப்பார்கள். வெறும் ‘சம்மதம்’ என்று எழுதிய தாளில் வாங்காமல், செய்யப்போகும் வேலையின் வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்து, அதன் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்குங்கள். பின்னாளில் எழும் சண்டை ‘சம்மதித்தேனா’ என்பதைப் பற்றி இருக்காது. ‘இவ்வளவு பெரிதாகக் கட்டவா சம்மதித்தேன்’ என்பதைப் பற்றியே இருக்கும்.

ஒருவர் மட்டும் முரண்டு பிடிப்பார் என்று தெரிந்தால், உரிமையியல் நீதிமன்றத்தில் கேவியட் மனு போட்டு வைப்பது உதவும். உங்களைக் கேட்காமல் இடைக்காலத் தடை பிறப்பிக்கப்படாது. அது 90 நாள்தான் செல்லும் என்பதால் வேலை தொடங்கும் தேதிக்கு ஒட்டியே போட வேண்டும்.

4. பட்டாவையும் புலப்படத்தையும் (நில அளவைப் படத்தையும்) சுவரோடு ஒப்பிடுங்கள்

நம் வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடப்பவை. முன்பகுதி ஒரு புல எண்ணிலும் தோட்டப் பகுதி வேறு எண்ணிலும் இருப்பது சாதாரணம். முன்பகுதிக்கு நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்) பட்டா இருக்கும். பின்பகுதி யாரோ ஒரு பங்காளியின் பெயரில் தனியே நிற்கும். கூடுதல் கட்டடம் பெரும்பாலும் பின்னால்தான் வரும் என்பதால், பின்பகுதிப் பட்டாவே முக்கியம்.

எடுக்க வேண்டியவை: பட்டா, புலப்படம், அ பதிவேட்டு (வருவாய்த் துறையின் நிலப் பதிவேடு) நகல் அல்லது நகரப் பகுதியானால் நகர நில அளவைப் பதிவேட்டு நகல், மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று. கணினியில் கிடைக்கும் வில்லங்கச் சான்றோடு நின்றுவிடாமல், பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஏட்டைத் தேடி எழுதித் தரும் சான்றையும் கேளுங்கள். தாத்தா காலத்து அடமானம் தீர்ந்தும் ரத்துப் பதிவாகாமல் இருப்பது அதில்தான் தெரியும்.

அடிமனை கோயிலுக்குச் சொந்தமா என்றும் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு சிறு தொகையை ‘பகுதி’ என்று கோயிலுக்குக் கட்டும் வழக்கம் வீட்டில் இருந்தால், அந்த ரசீது வெறும் காணிக்கையா தரைவாடகையா என்பதை உறுதிசெய்யாமல் மேலே போகக் கூடாது.

பட்டா இறந்தவர் பெயரில் இருந்தால் இப்போதே கூட்டுப் பட்டாவாக மாற்ற விண்ணப்பியுங்கள். அனுமதி விண்ணப்பத்தில் இருக்கும் பெயரும் பட்டாவில் இருக்கும் பெயரும் எழுத்துப் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். பெயருக்கு முன் வரும் விலாச எழுத்துகள் (இனிஷியல்) இதில் செய்யும் கூத்து கொஞ்சநஞ்சமல்ல: மூலப்பத்திரத்தில் ‘ராம.சித.’, பட்டாவில் ‘ஆர்.எம்.எஸ்.’, ஆதாரில் வெறும் ‘எஸ்.’. இவை எல்லாம் ஒருவரையே குறிக்கும் என்ற சான்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

5. இருக்கும் வீட்டை முதலில் முழுமையாக அளந்து வரையுங்கள்

புதிதாகக் கட்டும் பகுதியை மட்டும் வரைந்து கொடுத்தால் ஏற்கமாட்டார்கள். இருக்கும் கட்டடம் ஒரு நிறத்திலும் சேர்க்கப்போவது வேறு நிறத்திலும் இடிக்கப்போவது இன்னொரு நிறத்திலுமாக ஒரே வரைபடத்தில் வர வேண்டும்.

எங்கள் வீட்டை அளக்க வந்த இளைஞர் அறைகளின் உள்ளளவை டேப் வைத்து எடுத்துக்கொண்டு போய், கணினியில் வழக்கம்போல 9 அங்குலச் சுவராக வரைந்துவிட்டார். எங்கள் வளவுச் சுவரின் கனம் இரண்டடிக்குச் சற்றுக் குறைவு. முகப்பிலிருந்து தோட்டம் வரை குறுக்கே வரும் சுவர்களை எண்ணினால் பதினொன்று. அத்தனை சுவரிலும் விட்டுப்போன கனம் சேர்ந்து, வரைபடத்து வீடு நிஜ வீட்டைவிடப் பன்னிரண்டடி குட்டையாகிவிட்டது. பின்னால் இல்லாத காலியிடம் தாளில் முளைத்தது. அலுவலர் நேரில் வந்து பின்சுவரிலிருந்து டேப்பை இழுத்தபோதுதான் வெளிப்பட்டது. ஆகவே வெளியளவை முதலில் எடுங்கள், சுவர்க் கனத்தை ஒவ்வொரு கதவு நிலையிலும் அளந்து குறியுங்கள், பிறகு உள்ளளவை எழுதிக் கூட்டிப் பாருங்கள். கட்டடப் பரப்பு சுவரையும் சேர்த்தே கணக்காகும்.

இந்த அளவுப் படத்துடன், பழைய கட்டடத்துக்கு அனுமதி எங்கே என்ற கேள்விக்கும் விடை தயாராக வேண்டும். நூறாண்டு வீட்டுக்குத் திட்ட அனுமதி இருக்காது. அந்தச் சட்டமே பிற்பாடு வந்தது. பழைய வரி ரசீதுகள், மூலப்பத்திரத்தில் கட்டடத்தைக் குறிக்கும் வரி, பழைய மின் இணைப்புச் சான்று, புகைப்படங்கள் ஆகியவற்றை ஒன்றாகக் கட்டி வையுங்கள். இடைக்காலத்தில், எண்பதுகளிலோ அதற்குப் பின்னரோ, அனுமதியின்றிச் சேர்த்த கழிப்பறையோ கார் நிறுத்துமிடமோ இருந்தால் மறைக்காதீர்கள். நேராய்வில் அது தெரிந்தால் புதிய வேலையும் சேர்ந்து நிற்கும். இடிப்பதா, இப்போதைய விண்ணப்பத்தில் சேர்த்து விதிக்கு உட்படுத்துவதா என்று முன்பே முடிவெடுங்கள்.

மாடி எழுப்புவதானால் பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளரின் உறுதிச் சான்று வேண்டும். தேக்குக் கட்டையின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் அடுக்கிய பழைய மச்சு, கான்கிரீட் அறையைத் தாங்குமா என்பதைக் கொத்தனாரின் அனுபவத்துக்கு விடக் கூடாது. கட்டையின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில்தான் கரையான் முதலில் ஏறும். அங்கே குத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

6. சந்து, பொதுச்சுவர், இறவாணம் (ஓட்டுச் சரிவின் விளிம்பு)

2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்படி, உயரமில்லாத சாதாரணக் கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. மனையின் பரப்பைப்போல இரண்டு மடங்கு வரை கட்டலாம் என்பது இதன் பொருள். ஒருமாடி, இருமாடியோடு நிற்கும் நம் வீடுகள் அதைத் தொடுவதே அரிது. சிக்கல் வருவது சுற்றிலும் விடவேண்டிய காலியிடத்தில்தான்.

பழைய சுவர்கள் பக்கத்து எல்லையை ஒட்டியே நிற்கும். பழையதை யாரும் நகர்த்தச் சொல்வதில்லை. ஆனால் அதே வரிசையில் புதிய சுவரை நீட்ட அனுமதி கிடைக்காது. புதிய பகுதியை எல்லையிலிருந்து உள்ளே தள்ளித்தான் வரைய வேண்டும். பின்பக்கமும் தெருவாக இருந்தால் அதுவும் சாலை முகப்பாகக் கருதப்படும் என்பதால், பின்சுவரை ஒட்டிக் கார் ஷெட் போடும் எண்ணம் இங்கேதான் அடிபடுகிறது.

இரண்டு வீட்டுக்கும் இடையிலுள்ள சந்து யாருடையது என்பதைப் பத்திரத்தின் நான்கெல்லைக் குறிப்பில் தேடுங்கள். பல பத்திரங்கள் ‘இறவாணத் தண்ணீர் விழும் இடம் உட்பட’ என்று சொல்லும். அந்த ஒரு வரி இருந்தால் ஓட்டுச் சரிவு முடியும் இடத்துக்கு நேர்கீழ் வரை உங்கள் மனை. இல்லாவிட்டால் சுவரோடு முடிகிறது. ஓட்டை எடுத்துத் தளம் போட்டவர்கள் தண்ணீரைக் குழாய் வழியே சந்தில் விட்டு, அதனாலேயே வழக்கில் மாட்டிக்கொண்டதும் உண்டு.

20 ஆண்டு தடையின்றி அனுபவித்த காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் 1882ஆம் ஆண்டின் அனுபோக உரிமைச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. பக்கத்து வீட்டுப் பழைய சன்னல் உங்கள் தோட்டத்தைப் பார்த்து இருந்தால் அதை அடைத்து எதையும் எழுப்ப முடியாது. வரைபடம் போடும் முன் அவர்களுடைய சன்னல்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

7. பாரம்பரியம் தொடர்பான சட்டங்களில் உங்களுக்குப் பொருந்துபவை

செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பட்டியல் மட்டுமே உங்கள் வீட்டில் எந்தத் தடையையும் விதிப்பதில்லை. ‘யுனெஸ்கோ விடாது’ என்று பயமுறுத்திப் பணம் கேட்கும் தரகர்களை வாசலிலேயே நிறுத்திவிடலாம்.

2012ஆம் ஆண்டின் தமிழ்நாடு மரபுரிமை ஆணையச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் பட்டியலிடப்படும் கட்டடத்தில் மாற்றம் செய்யத் திட்ட அதிகாரிகள் ஆணையத்தைக் கலந்தாக வேண்டும். உங்கள் வீடு பட்டியலில் இருக்கிறதா என்று விண்ணப்பத்துக்கு முன் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னம் அருகில் இருந்தால் கதை வேறு. திருமயம் கோட்டையை அடுத்த வீடுகள் இதற்கு உதாரணம். சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. பழுதுபார்ப்புக்கும் முன் அனுமதி வேண்டும். அதற்கடுத்த 200 மீட்டரில் அனுமதியோடு கட்டலாம். இந்த அனுமதி கையில் இல்லாமல் உள்ளாட்சிக்குப் போவது வீண்.

8. விண்ணப்பம்

பதிவு பெற்ற பொறியாளரோ கட்டடக் கலைஞரோ கையெழுத்திட்ட வரைபடத்துடன் ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பொறியாளரின் பதிவு காலாவதியாகாமல் இருக்கிறதா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்றுத் திட்டத்தில் உடனே அனுமதி கிடைக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். அது 2,500 சதுர அடிக்குள்ளான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ ஒரு மாடியோ கட்டும் வீட்டுக்கானது. தெருவுக்குத் தெரு நீளும் நம் மனை அதில் அடங்காது. அடங்க வைப்பதற்காக மனையில் ஒரு துண்டை மட்டும் காட்டி விண்ணப்பித்தவருக்குப் பின்னால் நேர்ந்த தொல்லையைப் பக்கத்துத் தெருவிலேயே பார்த்தேன்.

மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். முற்றத்து நீர் எங்கே போகிறது என்பதை வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டுங்கள். தாழ்வாரத்து நீரைக் கிணற்றுக்கும் ஊரணிக்கும் அனுப்பிய வீடுகள் இவை; பழைய வாய்க்கால் பல இடங்களில் தூர்ந்து கிடப்பதால், அதைத் தூர்வாரிப் பயன்படுத்துவதா புதிய குழி எடுப்பதா என்று பார்த்து எழுத வேண்டும்.

கட்டணங்களில் ஆய்வுக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், கட்டட உரிமக் கட்டணம் ஆகியவற்றோடு கட்டுமானத் தொழிலாளர் நலநிதியாக மதிப்பீட்டில் 1 சதவீதமும் வரும். கடைசியில் சொன்னதைத் தொடக்கக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை.

நேராய்வு நாளில் வீட்டின் எல்லா அறைகளின் சாவியும் கையில் இருக்க வேண்டும். சென்னையிலிருக்கும் பங்காளியின் பூட்டிய அறையால் ஆய்வு தள்ளிப்போவது நம் ஊரில் மட்டும் நடக்கும் வேடிக்கை.

9. விடுதியாகவோ தங்கும் இல்லமாகவோ மாற்றுவதானால்

முதலில் அளவைத் தீர்மானியுங்கள். உரிமையாளர் குடும்பம் அங்கேயே வசித்துக்கொண்டு ஒன்று முதல் ஆறு அறைகள் வரை விருந்தினருக்குத் தருவது மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் காலை உணவுடன் கூடிய இல்லத் தங்கல் திட்டத்தில் அடங்கும். ‘அங்கேயே வசித்து’ என்பதைக் கவனியுங்கள். கோயம்புத்தூரில் குடியிருந்துகொண்டு காவலாளியை வைத்து நடத்துவது இதில் சேராது.

பாரம்பரிய விடுதி என்ற தகுதிக்குக் கட்டடம் 1950க்கு முன் கட்டியதாகவும், குறைந்தது ஐந்து அறைகள் கொண்டதாகவும் இருக்க வேண்டும். விரிவாக்கத்துக்குப் பின் புதிய பகுதி, பழையதும் புதியதும் சேர்ந்த மொத்தப் பரப்பில் பாதியைத் தாண்டக் கூடாது. முகப்பும் கட்டட பாணியும் மாறாதிருக்க வேண்டும். தோட்டத்தில் பெரிய அறைத் தொகுதி எழுப்ப நினைப்பவர்கள் இந்தப் பாதிக் கணக்கை வரைபடம் போடும் முன்பே போட்டுப் பார்க்கட்டும்.

இப்படிச் சுற்றுலாத் துறை தரும் வகைச் சான்று வேறு, பயன்பாட்டு மாற்ற அனுமதி வேறு. அந்தச் சான்றைக் காட்டி உள்ளாட்சி அனுமதியைத் தவிர்க்க முடியாது. வரிசையும் இதுதான்: நிலப் பயன்பாடு ஒத்துவருகிறதா என்று முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) பார்ப்பது, திட்ட அனுமதி, வேலை, கட்டி முடித்த சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, உணவுப் பாதுகாப்பு உரிமம், பிறகு வகைச் சான்று. சிறிய குடியிருப்புகளுக்குக் கட்டி முடித்த சான்றிலிருந்து விலக்கு உண்டு. விடுதியானால் அந்த விலக்கைக் கேட்க முடியாது.

வீட்டு மின் இணைப்பு வணிகக் கட்டண வகைக்கு மாறும், சொத்துவரியும் மாறும். முன்கூட்டியே எழுதிக்கொடுத்து மாற்றிக்கொள்வது மலிவு. கண்டுபிடித்து மாற்றினால் பின்தேதியிட்டு வசூலிப்பார்கள்.

தீப் பாதுகாப்பில் நம் வீட்டுக்கு உள்ள சிறப்பு, முன்வாசலும் பின்வாசலும் இரண்டு தெருக்களில் திறப்பது. பின்வாசலைச் சாமான் அடைத்துப் பூட்டி வைத்திருந்தால் அந்தச் சிறப்பு போய்விடும். மரப்படிக்கட்டு ஒன்றே உள்ள மாடியில் விருந்தினர் அறை வைப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

10. அனுமதி கைக்கு வந்த பிறகு

அனுமதித் தாளில் உள்ள காலாவதித் தேதியையும் நிபந்தனைகளையும் உரக்கப் படித்து மேஸ்திரிக்குச் சொல்லுங்கள். வரைபட நகல் ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வேலையிடத்தில் தொங்கவிடுங்கள். ‘இரண்டடி நீட்டினால் அறை விசாலமாக இருக்கும், ஐயா’ என்று மேஸ்திரி சொல்லும் நாள் கட்டாயம் வரும். நீட்டியே ஆக வேண்டுமென்றால் வேலையை நிறுத்தித் திருத்த வரைபடம் கொடுங்கள். விலகிக் கட்டிய பகுதியைப் பூட்டி முத்திரையிடச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

கட்டுமானத்துக்கான மின்சாரத்தை வீட்டு இணைப்பிலிருந்து எடுக்கும் முன் பிரிவு அலுவலகத்தில் கேளுங்கள். தற்காலிக இணைப்பு தனிக் கட்டண வகை.

இடிக்கும்போது வெளிவரும் தூண், நிலை, சிற்பப் பலகைகளைக் கணக்கெழுதிப் படம் எடுத்து ஓர் அறையில் பூட்டி வையுங்கள். பொதுச் சொத்திலிருந்து கழற்றிய தூணும் பொதுச் சொத்தே. ஒரு பங்காளி அதைக் காரைக்குடிப் பழம்பொருள் கடையில் விற்றுவிட்டால், வாங்கிய அத்தனை சம்மதக் கையெழுத்தும் பயனற்றுப் போகும். நூறாண்டைக் கடந்த கலைப்பொருள்களுக்கு 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் பொருந்தும். தனியார் எவரும் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

அடித்தளம் தோண்டும்போது செம்புப் பானையோ காசோ கிடைத்தால், பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டிய எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். சிரிக்க வேண்டாம், தோட்டப் பக்கம் தோண்டும் நாளில் பங்காளிகளில் ஒருவரையாவது அருகில் நிற்க வையுங்கள்.

வேலை முடிந்ததும் புதிய பரப்புக்கு வரி விதிக்க எழுதிக்கொடுத்து, அந்த உத்தரவு, அனுமதி, வரைபடம், சம்மதத் தாள்கள், கட்டணச் சீட்டுகள் ஆகிய அனைத்தையும் இரண்டு தொகுப்பாக்குங்கள். ஒன்று வீட்டு இரும்புப் பெட்டியில். மற்றொன்று வேறு ஊரில் வசிக்கும் பங்காளியிடம், பெற்றுக்கொண்டதாக அவரது கையெழுத்தோடு.